சொலினாய்டு காயில் தொட முடியாத சூடு: மாற்ற வேண்டுமா, விட்டுவிடலாமா?

கேள்வி, 4 அக்டோபர் 2023

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. துணி அலசும் மிஷினுக்குத் தண்ணீர் விடும் சொலினாய்டு வால்வுகள் நாலு வரிசையாக இருக்கின்றன. மூன்றாவது வால்வின் காயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தண்ணீர் ஒழுங்காகத்தான் வருகிறது. சூப்பர்வைசர் உடனே மாற்றச் சொல்கிறார். ஸ்பேர் கடைக்காரர் காயில் என்றால் சுடத்தான் செய்யும் என்கிறார். யார் சொல்வது சரி, அண்ணா?

4 அக்டோபர், இரவு 9.40

கடைக்காரர் சொல்வது சரி. காயில் சுடும்.

காயில் என்பது சுற்றி வைத்த செம்புக் கம்பி. அதில் கரண்ட் பாய்ந்ததும் நடுவில் இருக்கும் பிளஞ்சரை, அதாவது வால்வைத் திறக்கும் இரும்புத் தண்டை, மேலே இழுக்கிறது. இழுத்து முடித்த பிறகு அதற்கு வேறு வேலை கிடையாது, பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் பிறகு உள்ளே போகும் வாட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். 10 வாட், 15 வாட் என்றால் கேட்க அற்பமாகத் தெரியும். பூஜை அறையில் எரியும் 15 வாட் குண்டு பல்பை விரலால் பிடித்துப் பாருங்கள். அந்தச் சூடுதான் இங்கே எலுமிச்சம்பழ அளவு கட்டிக்குள் அடைபட்டு, நாள் முழுக்க இருக்கிறது.

நல்ல நிலையில் இருக்கும் காயிலின் வெளிப்புறம் 70, 80, சமயத்தில் 90 டிகிரி வரை போகும். நம் கை 60 டிகிரிக்கு மேல் எதையும் ஓரிரு விநாடிக்கு மேல் தாங்காது. அதனால் "கை வைக்க முடியவில்லை" என்பது காயிலைப் பற்றிச் சொல்வதைவிட நம் தோலைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

காயிலின் மேல் எந்த இன்சுலேஷன் வகுப்பு, அதாவது கம்பியின் காப்பு எவ்வளவு சூடு தாங்கும் என்று போட்டிருக்கும், பாருங்கள். பி என்றால் உள்ளே கம்பியின் சூடு 130 டிகிரி வரை போகலாம். எஃப் என்றால் 155, எச் என்றால் 180. இப்போது வரும் காயில்களில் எஃப் சாதாரணம். தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். மாற்ற வேண்டாம்.

5 அக்டோபர், காலை

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. நாலு வால்வு வரிசையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது மட்டும் சுடுகிறது என்றால் மற்ற மூன்றும் எப்படி? அதைக் கேட்காமல் "விட்டுவிடுங்கள்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

இந்த நாலும் பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வால்வுகள் எவ்வளவு சூடு? ஒரே நேரம்தான் ஓடுகின்றனவா? உர்ர் என்று சத்தம் வருகிறதா? காயிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது, ஓர் எழுத்து விடாமல். அது வரை மாற்றவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம்.

6 அக்டோபர்

பதில் பார்த்தேன். நாலும் ஒன்றாகத்தான் திறக்கின்றன, ஒன்றாகத்தான் மூடுகின்றன. ஒன்றும் மூன்றும் பழைய காயில்கள், மிஷினோடு வந்தவை. இரண்டும் நாலும் பிறகு மாற்றியவை. பழையது இரண்டுமே சுடுகிறது, மூன்றாவது கொஞ்சம் கூடுதல். மிஷின் தைவானில் ஓடி, செகண்ட்ஹேண்டாக வந்தது. பழைய காயிலில் "220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று இருக்கிறது. புதியதில் "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்".

சரி, கதை புரிந்துவிட்டது. என் முதல் பதிலை இந்த வால்வைப் பொறுத்தவரை வாபஸ் வாங்குகிறேன்.

தைவானில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. ஏசி காயிலில் கரண்டை அடக்கி வைப்பது கம்பியின் ஓம், அதாவது கம்பியின் சொந்த மின்தடை, மட்டும் இல்லை. காந்தம் விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறதோ அந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் அடக்குகிறது. 60-க்கு அளந்து சுற்றிய காயிலை 50-இல் போட்டால் அந்த எதிர்ப்பு ஆறில் ஐந்தாகக் குறைந்துவிடும். கரண்ட் 1.2 மடங்கு ஆகும். இதற்கு மேல் 220-க்குச் செய்த காயிலுக்கு நாம் 240 கொடுக்கிறோம், அது இன்னொரு 1.09 மடங்கு. இரண்டும் சேர்ந்து கரண்ட் 1.3 மடங்கு. சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 1.7 மடங்கு.

ஆக, சூப்பர்வைசர் சொன்னது தவறு இல்லை. காரணம் தெரியாமல் சொன்னாலும் அவர் கை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது.

6 அக்டோபர், இரவு

"முதலில் ஏன் அவ்வளவு உறுதியாகச் சாதாரணம் என்றீர்கள்" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி.

நான் வேலைக்கு வந்த புதிதில் தொட்டுப் பார்த்துத்தான் காயில் மாற்றுவோம். சுட்டால் கழற்று, புதியதைப் போடு. புதியதைப் போட்ட அரை மணி நேரம் அது சில்லென்று இருக்கும், எல்லாருக்கும் நிம்மதி. சாயங்காலம் வந்து தொட்டால் அதுவும் அதே சூடு. அப்படிக் கழற்றிப் போட்ட நல்ல காயில்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. பின்னால் ஒரு சீனியர் பிட்டர் அந்தப் பெட்டியை எடுத்து ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கெடவில்லை. காயில் ஒன்று போடும் நேரம் மிஷின் நின்றதையும், அந்தத் தொட்டியில் கிடந்த துணியில் நிறம் திட்டுத் திட்டாக விழுந்ததையும் நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. அதனால்தான் "சுடுகிறது" என்ற ஒரே வார்த்தையில் யாராவது காயிலைக் கழற்றப் போனால் உடனே கையைப் பிடிக்கத் தோன்றுகிறது. இந்த முறை அதுவே கண்ணை மறைத்தது.

8 அக்டோபர், ஞாயிறு

லீவு நாள், கொஞ்சம் விரிவாக எழுதலாம்.

ஏசி காயிலின் கரண்ட் பிளஞ்சர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான், யாரும் சொல்வதில்லை. பிளஞ்சர் கீழே இருக்கும்போது காந்தப் பாதையில் காற்று இடைவெளி இருக்கிறது, எதிர்ப்பு குறைவு, கரண்ட் அதிகம். பிளஞ்சர் மேலே போய் ஒட்டியதும் இடைவெளி அடைபடுகிறது, கரண்ட் இறங்கிவிடுகிறது. காயில் விவரத் தாளில் இழுக்கும்போது இத்தனை வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய எண்), பிடிக்கும்போது இத்தனை வி.ஏ. என்று இரண்டு எண் இருப்பது இதனால்தான். இழுக்கும் எண் பிடிக்கும் எண்ணைப் போல இரண்டு மடங்கும் இருக்கும், நாலைந்து மடங்கும் இருக்கும்.

வால்வு நன்றாக இருந்தால் அந்த அதிகக் கரண்ட் கண் இமைக்கும் நேரம்தான். பிளஞ்சர் நடுவழியில் சிக்கி மேலே போய்ச் சேராவிட்டால் அது இறங்காமல் அப்படியே நிற்கும். மூன்று மடங்கு கரண்ட் என்றால் ஒன்பது மடங்கு சூடு. அதற்கு எந்த இன்சுலேஷன் வகுப்பும் தாங்காது.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று. வால்வில் கசிவு என்று ஹெல்பர் பையன் காயிலை மட்டும் ஸ்டெம்மிலிருந்து, அதாவது பிளஞ்சர் ஏறி இறங்கும் குழாயிலிருந்து உருவி, வயரோடு பக்கத்துக் குழாயில் தொங்கவிட்டுவிட்டு வால்வைப் பிரிக்கப் போனான். பேனலில் ஆஃப் செய்யவில்லை. காயிலுக்குள் பிளஞ்சரே இல்லை, வெறும் ஓட்டை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இனாமல் தீயும் வாசனை. அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், மீனும் வார்னிஷும் சேர்ந்து கருகியது போல இருக்கும். காயில் ஓரத்தில் பிளந்து பழுப்பாக வழிந்தது. அவன் கை அதன் மேல் படாமல் போனது புண்ணியம்.

காயிலைக் கழற்றுவதற்கு முன் கரண்டை எடுத்தே ஆக வேண்டும். ஷாக் அடிக்கும் என்பது ஒரு காரணம். கரண்டில் இருக்கும் ஏசி காயில் ஸ்டெம்மை விட்டு வந்த நிமிஷமே சாகத் தொடங்கிவிடும் என்பது இன்னொரு காரணம்.

தம்பி, உங்கள் மூன்றாவது காயில் ஒன்றாவதைவிடக் கூடுதலாகச் சுடுகிறது என்றீர்களே, அதை மறக்கவில்லை. இரண்டும் ஒரே காயில், ஒரே ஹெர்ட்ஸ். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பிளஞ்சர் முழுக்க ஒட்டவில்லையோ என்று சந்தேகம். சத்தம் கேட்டுப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியை வால்வு உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வையுங்கள்.

10 அக்டோபர்

1.7 மடங்கு என்று எழுதினேன் அல்லவா, அது கொஞ்சம் கூட. கணக்கில் கம்பியின் ஓமை மறந்துவிட்டேன். பெரிய காயிலில் அது சின்னப் பங்கு, விட்டுவிடலாம். இந்த அளவு சின்னக் காயிலில் அதுவும் கணிசமாக இருக்கும், ஹெர்ட்ஸ் மாறினாலும் அது மாறாது. அதனால் கரண்ட் 1.3 மடங்கு முழுசாக ஏறாது. இன்னொரு பக்கம், 50 ஹெர்ட்ஸில் காந்தம் அதிகமாகி இரும்பு நிரம்பிவிட்டால் கரண்ட் கணக்குக்கு மேலேயும் ஏறும். இரண்டும் எதிர்த் திசை. ஆக, பேப்பரில் போட்டுப் பயன் இல்லை, அளந்துதான் பார்க்க வேண்டும். எப்படி அளப்பது என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

15 அக்டோபர், ஞாயிறு

சொன்னபடி.

வெளியே துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் வெளித் தோலின் சூடுதான் தெரியும். காயிலை மூடியிருக்கும் கறுப்பு எபாக்ஸி வார்ப்பின் மேல் ஓரளவு சரியாகக் காட்டும். பளபளக்கும் நிக்கல், ஸ்டீல் மேல் காட்டினால் ரொம்பக் குறைத்துக் காட்டும், நம்பாதீர்கள். அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். ஆனால் நமக்கு வேண்டியது உள்ளே கம்பியின் சூடு. அதைக் கம்பியிடமே கேட்கலாம்.

செம்பு சூடானால் அதன் ஓம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. மோட்டார் சோதனைச் சாலைகளிலும் இதே கணக்குதான்.

காலையில் மிஷின் ஓட்டுவதற்கு முன், காயில் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும்போது, ஓம் அளந்து எழுதுங்கள். அந்த இடத்தின் வெப்பநிலையையும் எழுதுங்கள். அப்புறம் நாலைந்து மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு பேனலில் ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டெஸ்டர் வைத்து கரண்ட் இல்லை என்று உறுதி செய்து, கனெக்டரை உருவி, உடனே ஓம் அளங்கள். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஆறத் தொடங்கிவிடும்.

சுட்ட ஓமை ஆறிய ஓமால் வகுங்கள். காலை வெப்பநிலையோடு 234.5 கூட்டுங்கள், அது செம்புக்கு உரிய எண். இரண்டையும் பெருக்குங்கள். வந்ததில் 234.5 கழியுங்கள். மிச்சம்தான் கம்பியின் சராசரிச் சூடு.

சராசரி என்பதைக் கவனியுங்கள். நடு மையத்தில் இதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூட இருக்கலாம்.

17 அக்டோபர்

தம்பி அளந்து அனுப்பிவிட்டார். ரொம்பச் சந்தோஷம், கேட்டதைச் சரியாகச் செய்திருக்கிறார்.

காலையில் 32 டிகிரி. மூன்றாவது காயில் ஆறியபோது 480 ஓம், ஓடி முடித்து 640. கணக்குப் போட்டால் 121 டிகிரி. நாலாவது, புதியது, 510-இலிருந்து 612. அது 85 டிகிரி. ஒரே தண்ணீர், ஒரே நேரம், ஒரே காற்று, 36 டிகிரி வித்தியாசம்.

இப்போது கஷ்டமான கேள்வி. பழைய காயிலின் மேல் எஃப் என்று போட்டிருக்கிறது, அதன் எல்லை 155. 121 அதற்குள்தானே? தாளின்படி அது சாதாரணம்தான். இன்றைக்கு ராத்திரி எரிந்துவிடாது.

நான் மாற்றத்தான் சொல்வேன். காரணம் சொல்கிறேன். இன்சுலேஷன் சூட்டில் மெதுவாகக் கிழடாகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. 1930-இல் மான்ட்சிங்கர் என்ற அமெரிக்க இன்ஜினியர் டிரான்ஸ்பார்மர் இன்சுலேஷனைச் சோதித்து இதை ஒட்டி எழுதியதிலிருந்து எல்லாரும் பிடித்துக்கொண்டது. துல்லியமான விதி இல்லை, திசை சரி. 36 டிகிரி என்றால் மூன்றரை முறை பாதியாகிறது, ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆயுள். இது அக்டோபர். ஏப்ரலில் அந்த ஷெட்டுக்குள் 42 இருக்கும். ராத்திரி ஷிப்டில் 250 வோல்ட் வரை ஏறும் இடங்கள் நம் பக்கம் உண்டு. அப்போது 121 எங்கே போய் நிற்கும்? கனெக்டரின் ரப்பர் கேஸ்கெட், ஸ்டெம்முக்குள் இருக்கும் சீல், இவற்றுக்கு எஃப் வகுப்பு ஒன்றும் உதவாது. நைட்ரைல் ரப்பர் 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் நாளடைவில் விறைத்துவிடும்.

அவசரம் இல்லை, ஆனால் திட்டம் வேண்டும். ஆயுத பூஜைக்கு மிஷின் நிற்கும். அப்போது ஒன்றையும் மூன்றையும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் காயிலாக மாற்றுங்கள். காயில் விட்டமும் ஸ்டெம் விட்டமும் ஒத்துப்போகிறதா என்று வாங்குவதற்கு முன் அளங்கள். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் அந்த இடைவெளியே சூட்டைக் கூட்டும்.

22 அக்டோபர்

நாளைக்கு ஆயுத பூஜை. எல்லாப் பட்டறையிலும் இன்றைக்கு மிஷின் கழுவுவார்கள். ஹோஸ் பைப்பை எடுத்து மேலிருந்து கீழே அடிப்பது நம் வழக்கம். தயவு செய்து காயில் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், அதுவும் சூடாக இருக்கும்போது. 90 டிகிரியில் இருக்கும் எபாக்ஸி மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மயிரிழை விரிசல் விடும். ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அந்த விரிசல் வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து எர்த் லீக்கேஜ் டிரிப் ஆகும், காரணம் யாருக்கும் புரியாது. ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வையுங்கள், போதும்.

24 அக்டோபர்

தம்பி மூன்றாவது வால்வைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஸ்டெம்முக்குள், பிளஞ்சர் போய் ஒட்டும் முகத்தில், அரிசி அளவு வெள்ளை உப்புப் படிவு. அதுதான் கூடுதல் சூட்டுக்குக் காரணம். பிளஞ்சர் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கிறது, முழுக்க ஒட்டவில்லை. 60 ஹெர்ட்ஸ் ஒரு பங்கு, உப்பு ஒரு பங்கு. 8-ஆம் தேதி நான் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது என்பதைவிட, உர்ர் சத்தத்தை அவரே ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்குப் பெரிசு.

அந்த முகத்தில் சின்னச் செம்பு வளையம் ஒன்று பதித்திருக்கும். சுத்தம் செய்யும்போது அதைச் சுரண்டிவிடாதீர்கள். ஏசியில் காந்தம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வரும். அந்த நேரத்திலும் பிளஞ்சரை விடாமல் பிடிப்பது அந்த வளையம்தான். அது உடைந்தால் வால்வு அதிரும், அதிர்ந்தால் சுடும். எலுமிச்சம்பழச் சாற்றில் அரை மணி ஊற வைத்தாலே உப்பு கரைந்துவிடும். உப்புத்தாள் வேண்டாம்.

5 நவம்பர்

பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: சொட்டு நீருக்கு 24 வோல்ட் ஏசி சொலினாய்டு, கண்ட்ரோலரிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதுமட்டும் வருஷத்துக்கு இரண்டு முறை எரிகிறது, பக்கத்தில் இருப்பவை எரிவதே இல்லை. தூரத்தில் வோல்டேஜ் குறைவாகத்தானே இருக்கும், ஏன் எரிகிறது?

இதைப் படித்ததும் என் மச்சான் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதே கதை.

வோல்டேஜ் அதிகமானால் எரியும் என்று நாம் நம்புகிறோம். ஏசி காயில் வோல்டேஜ் குறைந்தாலும் எரியும். ஒல்லி வயரில் 300 மீட்டர் போவதற்குள் 24 என்பது 18, 19 ஆகிவிடும், அதுவும் இழுக்கும் நேரத்தில் கரண்ட் அதிகம் என்பதால் இன்னும் இறங்கும். பிளஞ்சர் எழுந்திருக்கப் பார்க்கிறது, பலம் போதவில்லை, பாதியில் நிற்கிறது. காற்று இடைவெளி அடைபடவில்லை, கரண்ட் இறங்கவில்லை. அக்டோபர் 8-ஆம் தேதி எழுதிய கதையேதான், வேறு வழியில் வருகிறது. கிராமத்தில் சாயங்காலம் லோ வோல்டேஜில் பம்ப் ஸ்டார்ட்டரின் காயில் கடகடவென்று அடித்து எரிவதும் இதே காரணம்தான்.

மச்சானுக்கு வயரை மாற்றினோம், ஒரு சைஸ் தடிமன் கூட்டி. கடைசி காயிலின் முனையில், வால்வு இழுக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்து 22-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் மண்ணை மூடினோம். அதற்கு அப்புறம் எரியவில்லை. புதிதாகப் போடுபவர்கள் லாட்ச்சிங் வகை வால்வைப் பார்க்கலாம். ஒரு துடிப்புக் கொடுத்தால் திறந்து, உள்ளே இருக்கும் நிரந்தரக் காந்தத்தில் நின்றுகொள்ளும். திறந்திருக்கும் நேரம் முழுக்க கரண்டே போகாது, சூடே கிடையாது. பேட்டரியில் ஓடும் கண்ட்ரோலர்களில் அதனால்தான் அதை வைக்கிறார்கள்.

18 நவம்பர்

தீபாவளி லீவு முடிந்து பட்டறைகள் ஓட ஆரம்பித்திருக்கின்றன. இரண்டு நாளில் மூன்று பேர் "லீவுக்கு முன் நன்றாக இருந்த காயில் இன்றைக்கு எரிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள்.

காயில் மேல் பழி போடாதீர்கள். ஒரு வாரம் தண்ணீர் நின்று, ஸ்டெம்முக்குள் காய்ந்து, உப்பு பிளஞ்சரைக் குழாயோடு ஒட்ட வைத்திருக்கும். ஸ்விட்ச் போட்டதும் காயில் இழுக்கிறது, பிளஞ்சர் வரவில்லை.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது 2011. அந்த ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டன, நொய்யல் மாசுக்காக. மாதக்கணக்கில் மிஷின்கள் நின்றன. மறுபடி ஓட்டிய முதல் நாள் ஒரே ஷெட்டில் பதினொரு காயில் எரிந்தது. புதிய காயில் போட்டோம், அதுவும் எரிந்தது. மூன்றாவது காயில் போடுவதற்கு முன் ஒரு வால்வைப் பிரித்தோம். பிளஞ்சரைக் கட்டையால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. வேலையும் சம்பளமும் இல்லாமல் ஊருக்குப் போயிருந்த ஆட்கள் திரும்பி வந்த நாள் அது. முதல் பாட்ச் எப்போது ஓடும் என்று எல்லாரும் மிஷினைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபடி அந்தக் காயில்களை மாற்றியது இன்னும் நினைவில் இருக்கிறது.

நீண்ட லீவுக்குப் பிறகு ஓட்டுவதற்கு முன், தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு வால்வாக ஆன் ஆஃப் செய்து, டக் என்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஒரு ஷெட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும்.

19 நவம்பர்

டிசி காயிலுக்கும் இதெல்லாம் பொருந்துமா என்று கேள்வி. பெரும்பாலும் பொருந்தாது, சொல்லாமல் விட்டது என் பிழை.

டிசியில் கரண்டை அடக்குவது ஓம் மட்டும்தான். பிளஞ்சர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் கரண்ட் ஒன்றே. சிக்கிக்கொண்டால் வால்வு திறக்காது, காயில் எரியாது. அதோடு ஒரு நல்ல குணமும் உண்டு. 24 வோல்ட், 10 வாட் டிசி காயில் 20 டிகிரியில் 57.6 ஓம். 100 டிகிரி ஆகும்போது 75-க்கு மேல் போய்விடும், வாட் ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். சூடாகச் சூடாகத் தானே தன்னைத் தணித்துக்கொள்கிறது. அதன் மறுபக்கம், சூடான டிசி காயிலுக்கு இழுக்கும் பலம் குறையும். காலையில் திறக்கும் வால்வு மத்தியானம் திறக்கவில்லை என்றால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் ஆபத்து. 24 வோல்ட் ஏசி என்று எழுதியிருக்கும் காயிலை 24 வோல்ட் டிசியில் போட்டால், அதை அடக்கி வைத்திருந்த காந்த எதிர்ப்பு இல்லாமல் போய் வெந்துவிடும். கடையில் "24 வோல்ட் காயில் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கி வருபவர்கள் இதில் மாட்டுகிறார்கள். கழற்றிய காயிலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

2 டிசம்பர்

இருபது மணி நேரம் திறந்தே இருக்கும் வால்வுக்கு, கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும் வகையைப் போட்டால் காயில் நாலு மணி நேரம்தானே வேலை செய்யும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தண்ணீர் லைனில் நல்ல யோசனை. ஸ்டீம் லைனில் வேண்டாம். 7 பார் ஸ்டீம் 170 டிகிரி. கரண்ட் போன நிமிஷம் அது தானாகத் திறந்து மிஷினுக்குள் பாய்ந்தால், பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருப்பவர் கதி என்ன? கரண்ட் போனால் வால்வு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், காயில் சூட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எரிந்த காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் பற்றியும் கேட்டிருந்தார்கள். டேப் சுற்றிய பழைய காயில்களை முன்பு சுற்றித் தருவார்கள். சுற்று ஐந்து சதவீதம் குறைந்தால் கரண்ட் பத்து சதவீதம் ஏறும், அதனால் எண்ணாமல் எடை பார்த்துச் சுற்றியவை எல்லாம் சுட்டன. இப்போது வரும் எபாக்ஸி வார்ப்புக் காயிலைப் பிரிக்கவே முடியாது, புதியதுதான்.

19 ஜனவரி 2024

பொங்கல் லீவுக்குப் பிறகு தம்பி எழுதியிருக்கிறார். டக் சத்தம் பார்த்ததில் ஒன்றாவது வால்வு பேசவில்லை. உடனே ஆஃப் செய்து பிரித்தார், உப்பு. எலுமிச்சைச் சாற்றில் போட்டு எடுத்து மாட்டினார், காயில் பிழைத்தது. நாலு காயிலின் ஓமையும் அளந்திருக்கிறார். கணக்கு 83, 85, 86, 84 டிகிரி. ஒவ்வொரு காயில் பக்கத்திலும் தேதியையும் ஆறிய ஓமையும் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார். சூப்பர்வைசர் தொட்டுப் பார்த்து "இன்னும் சுடுதே" என்றாராம். அந்த எண்களைக் காட்டினாராம், சரி என்று போய்விட்டார்.

ஏப்ரலில் மறுபடி ஒருமுறை அளந்து போடுங்கள், தம்பி. அந்த ஷெட்டின் வெப்பநிலையையும் சேர்த்து.